மலிவான உறையே போதும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் தொழில் அல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மூட்டைச் சீட்டும் ஊருக்குப் போடும் கடுதாசியும்தான். அதோடு, கைத்துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவன் ஒரு தடவையாவது யாரையாவது குறிபார்த்துச் சுட்டிருப்பான் என்று வாசிக்கிறவர்கள் எதிர்பார்க்கலாம். நான் சுட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஆலைக்குப் பின்னால் இருக்கும் உமிக் குவியலைப் பார்த்து ஐந்தாறு தோட்டா சுடுவேன். காது அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும், அந்த இரும்பை உடம்பில் சுமந்திருக்கிறேன். சுடுவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சுமப்பதைப் பற்றி, அதிலும் அதைத் தாங்குகிற உறையைப் பற்றி, என்னைவிட அதிகமாக யோசித்தவர்கள் ரங்கூனில் நாலு பேர் இருந்தால் அதிகம். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது பசுந்தாங் ஓடைக்கரையில் ஓர் அரிசி ஆலையில். ஓடை என்பது பெயர்தான். இரண்டு லாஞ்சுகள், அதாவது இயந்திரப் படகுகள், எதிரெதிரே தாராளமாகப் போகலாம். முதலில் எனக்குக் கிடங்கில் மூட்டை கூப்பிடும் வேலை. கூலிகள் வரிசையாக மூட்டை சுமந்து போகும்போது ஒவ்வொரு மூட்டைக்கும் எண்ணை உரக்கக் கூவ வேண்டும். இயந்திரச் சத்தத்துக்கு மேலே என் குரல் எழும்பாது. இருநூறு பேர் நடுவில் நின்று வாயைத் திறப்பதே எனக்குப் பெரும்பாடு. நான் மூட்டை கூப்பிடுகிறேனா, காதில் மந்திரம் ஓதுகிறேனா என்று கூலிகள் ஒருவரையொருவர் கேட்டுச் சிரிப்பார்கள். எண் தப்பினால் மேஸ்திரி வந்து என்னைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தானே கூவுவார். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

ஆலைக்கு ஒரு லாஞ்சு இருந்தது. அது ஆற்றைக் கடந்து, கால்வாய் வழியாக த்வாண்டே பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும். அங்கே நெல்லைப் பார்த்து, மாதிரி எடுத்து, நெல்காரர்களோடு பேசி முடித்து வருவது லாஞ்சு குமாஸ்தாவின் வேலை. அந்தக் கிளை வாய்க்கால்களில் கொள்ளைக்காரர் பயம் உண்டு. அதற்காகக் கம்பெனி ஒரு ரிவால்வர் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கியிருந்தது. யார் அதைச் சுமக்கிறாரோ அவருடைய பெயரை லைசென்ஸின் பின்பக்கத்தில் போலீஸ் ஆபீசில் எழுதித் தருவார்கள்.

பழைய லாஞ்சு குமாஸ்தா வேலையை விட்டு ஊருக்குப் போனதும், இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்த, குடிக்காத ஆள் ஒருவர் வேண்டும் என்று பெரிய துரை கேட்டார். முதலில் சொல்லப்பட்டவர் குடிப்பவர். இரண்டாவது ஆளின் மனைவி துப்பாக்கி வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது நான். தைரியத்துக்காக யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆனால் லாஞ்சில் ஏறிய முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த உலகத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தால் அது இதுதான் என்று. சுக்கானி, இயந்திரக்காரர், நான் என்று மூன்றே பேர். இரண்டு மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். கிராமத்திலும் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, உமி நீக்கி, பல்லில் கடித்துப் பார்க்கிறவன் அதிகம் பேசாமல் இருந்தால்தான் மரியாதை. யாரும் சிரிக்கவில்லை. மறுபடி கிடங்குக்குப் போக நேர்ந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்வேன்.

ரிவால்வர் கொடுத்தார்களே தவிர, உறை கொடுக்கவில்லை. பழைய குமாஸ்தா தன் கைக்காசில் வாங்கிய உறையைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். ஆகவே முதல் பத்து நாள் அதைச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மேலே டிபன் பாத்திரம், கீழே ஒரு துணியில் சுற்றிய ரிவால்வர். ஒரு நாள் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது என் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"சோத்துல எண்ணெ வாசம் அடிக்குது. நல்லெண்ணெயும் இல்ல, தேங்காயெண்ணெயும் இல்ல. ஏங்க, எது பக்கத்துல எதை வெக்கிறதுன்னு ஒரு மொறை கெடையாதா?"

அவள் சொன்னது நியாயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாமுவே சந்தைக்குப் போய், நடைபாதையில் பெல்ட்டும் பர்ஸும் விற்கிறவரிடம் ஓர் உறை வாங்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மெல்லிய தோல், கறுப்புச் சாயம், பளபளப்பான பொத்தான். மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு. மழைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரத்தில்தான் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. தோலுக்கு விறைப்புக் கொடுக்க உள்ளே அட்டை வைத்துத் தைத்திருந்தார்கள். அட்டை நனைந்து ஊதிவிட்டது. கால்வாயில் போகும்போது சும்மா எடுத்துப் பார்க்கலாம் என்று பிடியைப் பிடித்து இழுத்தேன். ரிவால்வர் வரவில்லை. பலமாக இழுத்தேன். பெல்ட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு உறையும் சேர்ந்து கையில் வந்தது.

சுக்கானி கடற்கரை ஊர்க்காரர், வயதில் மூத்தவர். அவர் ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"நல்லதுதான் தம்பி. கொள்ளக்காரன் வந்தா உறையோட சேத்து அவன் மேல வீசு. கல்லடி பட்டவன் மாதிரி ஓடிருவான்."

அவர் சிரிக்காமல் சொன்னதால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் குழலின் மேல் துரு மஞ்சளாகப் படிந்திருந்தது. அட்டையில் ஊறிய ஈரம் போக வழியில்லாமல் இரும்பிலேயே இறங்கியிருக்கிறது. ஆகவே, மலிவான உறை எல்லாமே நல்லது என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். விலை உயர்ந்த பொருளைப்போல வேஷம் போடுகிற மலிவுப் பொருள் இருக்கிறதே, அதை மட்டும் வாங்கக் கூடாது. மலிவாகவே இருக்கத் தெரிந்த மலிவுப் பொருளைத்தான் வாங்க வேண்டும்.

எங்கள் லாஞ்சின் மேல்கூரையும் பக்கத் திரைகளும் கித்தான் துணி. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தும் வருஷக் கணக்கில் நிற்கிறது. நனைந்தால் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடுகிறது. இதைத் தினமும் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே அல்லவா நான் தோலைத் தேடி அலைந்தேன் என்று ஒரு நாள் தோன்றியது. அந்தத் திரைகளைத் தைத்தவரின் கடை பசுந்தாங் சந்தைக்குப் பின்னால் இருந்தது. அவரிடம் போய், மிஞ்சிய துண்டில் இப்படி ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"துப்பாக்கிக்குச் சட்டையா? அளவு எடுக்கணுமே. ஆளைக் கூட்டிட்டு வாரும்" என்றார்.

ஆனால் நிஜமாகவே அதைக் கடைக்குள் கொண்டுவர அவர் சம்மதிக்கவில்லை. போலீசுக்குப் பயந்தார். நான் வீட்டில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, பழுப்புக் காகிதத்தில் ரிவால்வரை வைத்து, பென்சிலால் சுற்றிலும் கோடு போட்டுக் கொண்டுபோனேன். முதல் உறைக்குள் ரிவால்வர் நுழையவே இல்லை. காகிதத்துக்குத் தடிமன் கிடையாது, ரிவால்வரின் தோட்டா உருளைக்கு உண்டு. இதை இருவருமே மறந்துவிட்டோம். இரண்டாவது உறை சரியாக வந்தது.

அந்த உறையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், தேவைப்படுகிறவர்களுக்கு உதவும். இரட்டைக் கித்தான், மெழுகு தேய்த்த நூலில் நெருக்கமான தையல். விசை இருக்கும் இடம் முழுவதும் உள்ளே மறைய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். வெளியே இருந்து ஒரு விரலோ குச்சியோ அங்கே படக் கூடாது. மேல் மடிப்பு ஆழமாக இறங்கி, பிடியையும் மூடி, ஒரு சின்ன மரக்கட்டையில் கயிற்று வளையத்தால் மாட்டிக்கொள்ளும். பித்தளைப் பொத்தான் உப்புக் காற்றில் பச்சை பூத்து இறுகிவிடும், மரக்கட்டைக்கு அந்த வியாதி இல்லை. அடியில் ஒரு துளை, தண்ணீர் வடிய. குழலின் முனை உராய்கிற இடத்தில் மட்டும் உள்ளே ஒரு துண்டுத் தோல்.

இதையெல்லாம்விட முக்கியம் அது தொங்கும் விதம். நான் கட்டுவது கைலி. இந்த ஊரில் கைலி கட்டுகிற எவரும் ஒரு நாளில் பத்துத் தடவையாவது அதை அவிழ்த்து, விரித்து, உதறி, இழுத்துக் கட்டுவார்கள். நினைத்துச் செய்வதில்லை, கொட்டாவி விடுவதுபோல அது தானாக நடக்கும். அதோடு சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகில் ஏறினால் பலகைமேல் குந்தித்தான் உட்கார வேண்டும். எனவே உறையை இடுப்பு பெல்ட்டை நம்பித் தொங்கவிட எனக்கு மனமில்லை. தோள் வழியாகக் குறுக்கே ஒரு பட்டை, இடுப்பைச் சுற்றித் தனியாக ஒரு நாடா. கைலி கைலியின் பாட்டுக்கு, உறை உறையின் பாட்டுக்கு.

தைத்து வந்ததும் தோட்டா இல்லாமல் ஒரு வாரம் சோதித்தேன். தலைகீழாகப் பிடித்து உதறினேன். லாஞ்சிலிருந்து படகுத்துறைக்குக் குதித்தேன். குந்தி எழுந்தேன், எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வெயிலில் வைத்தேன். மடிப்பு இருப்பதால் அவசரத்துக்கு எடுக்க நேரமாகாதா என்று இயந்திரக்காரர் கேட்டார். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துக் காட்டினேன். மூன்று எண்ணும் நேரம் எனக்கு அவகாசம் கிடைக்காவிட்டால், ஒன்று எண்ணும் நேரத்தில் எடுத்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இதை வெட்கமில்லாமலே சொல்கிறேன்.

அந்த உறையோடு மூன்று மழைக்காலம் போயிற்று. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்க வருஷத்துக்கு ஒரு முறை ரிவால்வரைப் போலீஸ் ஆபீசில் காட்ட வேண்டும். மூன்று முறை காட்டினேன், ஒரு பேச்சுமில்லை.

நாலாவது வருஷம் ஆலைக்கு ஒரு சின்ன துரை புதிதாக வந்தார். கெட்டவர் அல்ல. எல்லாம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவே. ஒரு நாள் படகுத்துறையில் என்னை நிறுத்தி, தோளில் தொங்குவது என்ன என்று கேட்டார். சொன்னேன். கூலி புகையிலை வைத்துக்கொள்கிற பைபோல இருக்கிறது, கம்பெனியின் ஆயுதத்தை இப்படியா வைப்பது என்றார். லைசென்ஸ் புதுப்பிக்கும் நாளுக்குள் நகரத்து இங்கிலீஷ் கடையில் நல்ல தோல் உறை வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரிவால்வரும் லாஞ்சும் தகுந்த உறை வைத்திருக்கிற ஆளுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு நடந்தார். பதில் சொல்ல நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அவர் கிடங்கைத் தாண்டிவிட்டார்.

தகுந்த உறை வைத்திருக்கிற ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆலை வாசலில் வண்டிகளைப் பதிவு செய்கிற குமாஸ்தா. என் வயதுக்காரர், கால்சட்டை போடுகிறவர், நாலு பேரோடு கலகலப்பாகப் பேசத் தெரிந்தவர். லாஞ்சு வேலை தனக்கு வரும் என்ற நம்பிக்கையில் ஆறு மாதம் முன்பே அந்த இங்கிலீஷ் கடையில் உறை வாங்கிவிட்டார். ரிவால்வர் இல்லை, உறை மட்டும். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வண்டிக்காரர்கள் அதைப் பார்த்து ஒதுங்கி நிற்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். நல்ல உறைதான், அதில் சந்தேகமில்லை. என் விரல் மொத்தத்துக்குத் தோல், தையல் ஒவ்வொன்றும் அச்சடித்ததுபோல. என் அரை மாதச் சம்பளத்துக்கு மேல் அதன் விலை.

"என்ன ஓய், கூடாரத்துக்குள்ள துப்பாக்கியைத் தூங்க வெச்சிருக்கீராமே" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். நானும் அந்தத் தோல் உறையை வாங்கியிருக்கலாம். கஷ்டப்பட்டால் வாங்க முடியாததல்ல. ஆனால் கைலி கட்டிக்கொண்டு அதை மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் மாட்டுவது, ரிவால்வர் ஒரு நாள் தண்ணீருக்குள் போகட்டும் என்று சம்மதிப்பதுபோல. அதே சமயம், இதை ஒரு துரையிடம் நின்று விளக்கிச் சொல்லும் வாயும் எனக்கு இல்லை. நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. மேஸ்திரி ஒரு நாள் என்னைப் பார்த்து, கிடங்கில் தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் நாளுக்கு முந்தின நாள், வாசல் குமாஸ்தா வழி பழகிக்கொள்ள எங்களோடு வர வேண்டும், ரிவால்வரை அவரே சுமந்து பார்க்க வேண்டும் என்று சின்ன துரை உத்தரவு போட்டார். அவர் பெயரையும் லைசென்ஸில் ஏற்கெனவே எழுதி வாங்கியிருந்தார்கள். காலையில் படகுத்துறையில் ரிவால்வரை அவர் கையில் கொடுத்தேன். அது அவர் உறைக்குள் போய் உட்கார்ந்த சத்தம், நல்ல பெட்டி மூடுகிற சத்தம்போல இருந்தது. சேற்றில் இறங்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அன்று அவர் கால்சட்டை போடவில்லை. புதுக் கைலி கட்டி, அதன்மேல் அகலமான பெல்ட் போட்டு, உறையை அதில் கோத்திருந்தார்.

பெல்ட்டை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் என் காலித் தோளைப் பார்த்து, "பொறாமைப்படாதீர் ஓய்" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

த்வாண்டே தாண்டிக் கிளை வாய்க்காலில் நாங்கள் போக வேண்டிய கிராமத்தை அடைந்தபோது கடல் இறங்கிய நேரம், வாய்க்காலில் நீர் வற்றியிருந்தது. லாஞ்சு கரைக்குப் போகாது. ஒரு பர்மாக்காரி தன் சம்பானைக் கொண்டுவந்தாள். நானும் வாசல் குமாஸ்தாவும் ஏறிக் குந்தினோம். அவருக்குக் குந்திப் பழக்கமில்லை. இரண்டு தடவை தடுமாறினார். துடுப்பிலிருந்து தெறித்த தண்ணீரில் கைலி நனைந்து கனத்து இறங்கியது. கரைக்குப் பத்தடி இருக்கும்போது எழுந்து நின்றார். பெல்ட்டைக் கழற்றி, அதன் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கைலியை விரித்து உதறினார். பெல்ட்டின் மறு முனை காற்றில் தொங்கியது. உறை அதன் வழியாக வழுக்கி இறங்கி, சம்பானின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீருக்குள் போனது.

அவர் கைலியைக் கட்டி முடித்த பிறகுதான் பெல்ட் லேசாக இருப்பதை உணர்ந்தார்.

"அசையாதீங்க. படகை நிறுத்து. யாரும் அசையாதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. தூரத்தில் லாஞ்சில் இருந்த சுக்கானி வரை கேட்டதாம். அது என் குரல் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. சம்பான்காரி அதற்கு முன்பே தன் மூங்கில் கழியை அந்த இடத்தில் சேற்றில் ஆழமாகக் குத்தி நிறுத்திவிட்டாள். அவளுடைய அந்தச் சமயோசிதம் இல்லாவிட்டால் நான் இன்று எங்கே இருப்பேனோ தெரியாது. கம்பெனி ரிவால்வர் தொலைந்தால், லைசென்ஸில் பெயர் உள்ள இரண்டு பேரையும் போலீஸ் கூப்பிடும். கொள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டோம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். கிடங்கு வேலைகூட மிஞ்சாது.

இறங்கினோம். தண்ணீர் தொடை மட்டும், அதற்குக் கீழே சேறு முழங்கால் மட்டும். ஒரு கையால் கழியைப் பிடித்துக்கொண்டு, காலால் சுற்றிலும் துழாவினோம். முதலில் என் காலில் பட்டது பானை ஓடு. அடுத்ததும் பானை ஓடு. அந்தப் பக்கம் பானை செய்கிற ஊர்கள், தண்ணீருக்கடியில் மண்ணைவிடப் பானை ஓடுதான் அதிகம். சம்பான்காரி நீர் ஏற ஆரம்பித்துவிட்டது என்று பர்மா பாஷையில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது எங்களுக்கும் தெரிந்தது. தொடையில் இருந்த ஈரக்கோடு இடுப்புக்கு வந்துவிட்டது. வாசல் குமாஸ்தா மிதித்த இடத்தையே திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் ஏனோ நிதானம் வந்துவிட்டது. கழியின் கீழ்ப்பக்கம், நீர் வற்றி ஓடின திசையில் தேட வேண்டும் என்று சொல்லி, அங்கே ஓரடி ஓரடியாக மிதித்துக்கொண்டு போனேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. வழவழப்பாக, ஓடு அல்லாத ஒன்று என் உள்ளங்காலில் பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி எடுத்தேன். உறை, உள்ளே ரிவால்வர். தோல் அதை விடவில்லை. அந்த அளவுக்கு அந்தத் தோல் உறை நல்ல உறைதான்.

நெல் பார்க்காமலே திரும்பினோம். லாஞ்சில் இயந்திரக்காரர் மண்ணெண்ணெய் கொடுத்தார். ரிவால்வரைப் பிரித்துக் கழுவி, இயந்திர எண்ணெய் பூசித் துடைத்தேன். ஐந்து தோட்டாவும் இருந்தன. தோல் உறையைப் பிழியப் பிழியச் சேற்றுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அது காய ஒரு வாரம் ஆகும். என் கித்தான் உறையைச் சோற்றுப் பையில் மடித்து வைத்திருந்தேன். அதை எடுத்துத் தோளில் மாட்டி, ரிவால்வரை அதில் வைத்தேன். வாசல் குமாஸ்தா எதிரே பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றார். அதுவரை ஓய்தான். "இதைத் துரைகிட்ட சொல்லிராதீங்க. வாசல் வேலையும் போயிரும். வீட்ல நாலு உருப்படி இருக்கு."

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா அவர் கேட்டா நான் பொய்யும் சொல்ல மாட்டேன். கேக்கறதுக்கு முந்தி நீங்களே சொல்லிட்டா நல்லது."

சுக்கானி முன்னால் பார்த்தபடியே, "சேத்தை என்னா சொல்லி மறைக்கப் போறீரு, சந்தனம்னா?" என்றார். வாசல் குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆலைப் படகுத்துறையில் சின்ன துரை நின்றுகொண்டிருந்தார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டார். பிறகு எங்கள் கோலத்தைப் பார்த்தார். சுற்றிலும் மூட்டை இறக்குகிற கூலிகள், இரண்டு மூன்று குமாஸ்தாக்கள். வாசல் குமாஸ்தா முன்னால் போய், கைலி கட்டும்போது பெல்ட்டிலிருந்து உறை கழன்று விழுந்துவிட்டது, விழுந்தது தன்னால்தான், எடுத்தது இவர் என்று சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

துரை என் பக்கம் திரும்பி, என்னுடையது மட்டும் விழாதா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பல மாதமாகவே பதில் தயாராக இருந்தது. இங்கிலீஷில் ஒரு வார்த்தை வரவில்லை. பர்மா பாஷையிலும் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்ல முடியாததைச் செய்துவிடலாம் என்று தோன்றியது. அத்தனை பேர் முன்னால், ஒரு வெள்ளைக்காரருக்கு மூன்றடி எதிரில், நான் என் கைலியின் முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு பக்கமும் விரித்து, நன்றாக உதறி, மடித்துச் செருகினேன். உறை என் விலாவில் ஒட்டியபடி இருந்தது. குந்தினேன். எழுந்தேன். மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். லாஞ்சில் ஏறி, அங்கிருந்து துறைக்குக் குதித்தேன். மேல் மடிப்பை எடுத்து ரிவால்வரை உருவிக் காட்டி, திரும்ப வைத்து மூடினேன். முகம் நெருப்பாகக் காந்தியது. ஒரு கூலிகூடச் சிரிக்கவில்லை. ஏனென்றால், அங்கே நின்ற அத்தனை பேரும் கைலி கட்டியவர்கள். நான் என்ன சொல்கிறேன் என்று அவர்களுக்குப் புரிந்தது.

புரியாமல் நின்றவர் துரை ஒருவர்தான். அவர் தன் கால்சட்டையின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கைலியைப் பார்த்தார். ஒரு நாளில் எத்தனை தடவை இப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். பத்துத் தடவை என்று விரலைக் காட்டினேன். அவர் என் தோள்பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, சரி, லாஞ்சு உன்னிடமே இருக்கட்டும், உறையும் இதுவே இருக்கட்டும், ஆனால் அந்தத் துணிக்குப் பழுப்புச் சாயமாவது போட்டுவிடு என்றார். வாசல் குமாஸ்தாவை வாசலுக்குப் போகச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தவில்லை.

தோல் உறை கெட்டது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கால்சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வண்டியில் போகிறவருக்கு அது பொருத்தமாக இருக்கலாம். நீரிலும் சேற்றிலும் தினமும் கைலியோடு போகிறவனுக்கு, அவன் உடம்பை அறிந்து தைத்த மலிவான கித்தான் உறை போதும். போதும் என்பதுகூடக் குறைவு, அதுதான் சரி. என்னை யாராவது கேட்டால் இப்போதும் இதைத்தான் சொல்வேன், மெதுவாக என்றாலும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரிவால்வரைப் போலீஸ் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அதன் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். லைசென்ஸின் பின்பக்கத்தில் வாசல் குமாஸ்தாவின் பெயரை அடித்துவிட்டு, ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்து முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். உறையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு லாஞ்சு புறப்பட்டது.